பதத்துக்குக் கட்டம் இல்லை

போன தீபாவளிக்கு முந்தின வாரம், பெங்களூரில் இருக்கும் அக்கா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினாள். அக்கா என்றால் பெரியம்மா மகள். பக்கத்தில் ஃபோனில் நான் கட்டிக்கொடுத்த சமையல் தளம் திறந்திருந்தது. அதில் “பாகு காய்ச்சும் நேரம்: 8 நிமிடம்” என்று இருந்தது. அக்கா டைமர் வைத்தாள். எட்டாவது நிமிடம் அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டிக் கிளறி, மூடி வைத்தாள். மறுநாள் திறந்து பார்த்தால் உள்ளே செங்கல். ஒரு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ வெல்லம், ஊறப்போட்டு உலர்த்தி இடித்துச் சலித்த ஒரு நாள் வேலை, எல்லாம் போச்சு.

அக்கா எனக்கு ஃபோன் பண்ணவில்லை. கோவில்பட்டியில் இருக்கும் பெரியம்மாவுக்குத்தான் பண்ணினாள். “நீ சொன்னபடிதானம்மா செஞ்சேன்” என்று சொல்லியிருக்கிறாள். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாந்தான் தப்பா சொல்லிட்டேன் போல. வயசாகுதுல்ல” என்றாராம்.

பெரியம்மா தப்பாகச் சொல்லவில்லை. எட்டு நிமிடம் என்று அவர் சொன்னதே இல்லை. அந்த எட்டை எழுதியவன் நான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாகு பிசகாத ஒரு மனுஷி, நான் இஷ்டத்துக்குத் தட்டிய ஒரு எண்ணால் தன் மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறார். அதிரசம் போனது எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. இது உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

இந்தக் கட்டுரை அந்த எட்டு நிமிடத்துக்கு எதிரானது. அதைக் கேட்டு வாங்கிய படிவத்துக்கும், அந்தப் படிவத்தை “நியூட்ரல்” என்று சொல்லும் என் தொழில்காரர்களுக்கும் எதிரானது. இன்னொரு தரப்பும் இருக்கிறது. அவர்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

1

தளம் கட்டிய கதை சாதாரணமானது. இரண்டு விடுமுறைகளில் பெரியம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து 61 பதார்த்தங்களைக் குரலாகப் பதிவு செய்தேன். அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிஎம்எஸ்ஸை நிறுவினேன். சிஎம்எஸ் என்றால் பெரிய விஷயமில்லை. நிரப்புவதற்கு ஒரு படிவம், நிரப்பியதை அடுக்கி வைக்க ஒரு டேட்டாபேஸ், அதைப் பக்கமாகக் காட்ட ஒரு வார்ப்புரு. அவ்வளவுதான்.

சிஎம்எஸ் பழகுகிறவர்களுக்கு சமையல் குறிப்பு ஒரு செல்லப் பாடம். ட்ரூபல் 2018-இல் தன் 8.6 பதிப்போடு ‘உமாமி’ என்று ஒரு மாதிரித் தளத்தையே சேர்த்துக் கொடுத்தது. ஒரு கற்பனையான உணவுப் பத்திரிகை அது. அதில் சமையல் குறிப்பு என்பது தயாரிப்பு நேரம், சமைக்கும் நேரம், எத்தனை பேருக்கு, எவ்வளவு கடினம், பொருட்கள், செய்முறை என்று கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கும். வேர்ட்பிரஸ்ஸில் 2010-இல் வந்த 3.0 பதிப்புக்குப் பிறகு, யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு உள்ளடக்க வகையை எளிதாக உண்டாக்கிக்கொள்ளலாம். சமையல் குறிப்புக்கென்றே செய்த ப்ளக்இன்கள் ஏராளம். எதைத் திறந்தாலும் அதே கட்டங்கள்தான்.

ஏன் எல்லாம் ஒரே மாதிரி? 2011-இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியை ஆரம்பித்தன. ஒரு பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குப் புரியவைக்க அதை வைத்துக் குறியிடலாம். அதில் சமையல் குறிப்புக்குத் தனி இடம் உண்டு. தயாரிப்பு நேரம், சமைக்கும் நேரம், மொத்த நேரம், பொருட்கள், எத்தனை பேருக்கு, கலோரி என்று பட்டியல் போகும். நேரத்தை ஐஎஸ்ஓ 8601 தரத்தில் எழுத வேண்டும். முப்பது நிமிடம் என்றால் ‘பிடி30எம்’. தேடல் முடிவில் படத்துக்குப் பக்கத்தில் குட்டியாக “30 நிமிடம்” என்று வருகிறதே, அது இங்கிருந்து வருவதுதான்.

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். கூகுளின் வழிகாட்டியில் சமையல் குறிப்புக்குக் கட்டாயம் என்று சொல்லப்படுபவை பெயரும் படமும் மட்டும்தான். நேரம் எல்லாம் ‘இருந்தால் நல்லது’ ரகம். அதைக் கட்டாயமாக்கியது நான். நிரப்பாவிட்டால் எச்சரிக்கை காட்டும், பக்கம் பின்னால் போய்விடும் என்ற பயத்தில் நேரக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரத்தை நானேதான் போட்டேன். அப்புறம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, 61 பதார்த்தத்துக்கும் மூன்று மூன்று எண் தட்டினேன். ஒன்றுகூடப் பெரியம்மா சொன்னதில்லை.

பதிவைத் திரும்பக் கேட்டால் நான் கேட்பது தெளிவாக இருக்கிறது. “எவ்ளோ நேரம் பெரியம்மா?” அவர் சிரிக்கிறார். “நேரம் என்னய்யா நேரம்? பாகு சொல்லும்.” கேட்டபோது ‘ஆஹா, என்ன அழகா சொல்றாங்க’ என்று ரசித்தேன். ரசித்துவிட்டு 8 என்று எழுதினேன்.

2

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை வேறு மாதிரிச் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒரு டெஸ்ட் எழுதுகிறான். பக்கம் திறந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. அவன் ‘ஸ்லீப் 5’ என்று போட்டுவிடுகிறான். ஐந்து விநாடி தூங்கு, அப்புறம் அழுத்து. அவன் மெஷினில் அது ஓடும். நெட்வொர்க் மெதுவாக இருக்கும் இன்னொரு மெஷினில் உடையும். கோடு ரிவ்யூவில் நாம் அவனை என்ன பாடு படுத்துவோம்? “எதுக்குத் தம்பி தூங்குற? பட்டன் தெரியுற வரைக்கும் காத்திரு. நேரத்தை நம்பாதே, நிலையைப் பார்” என்போம். நமக்கு இது அரிச்சுவடி.

சமைக்கும் நேரம் என்பது அந்த ஸ்லீப். பதம் என்பது அந்த நிலை. ஆபீஸில் இருபது வயசுப் பையனுக்குப் பாடம் எடுக்கும் நாம், வீட்டுக்கு வந்து அடுப்புக்கு ஒரு படிவம் கட்டும்போது ஸ்லீப்பைக் கட்டாயமாக்கி, நிலையைக் கழற்றிவிடுகிறோம்.

பெரியம்மா பதிவில் சொன்னது இது. “கொதிக்க ஆரம்பிச்சதும் ஒரு கிண்ணத்துல பச்சத் தண்ணி வச்சுக்க. ஒரு சொட்டு பாக அதுல விடு. கரைஞ்சு போச்சுன்னா இன்னும் ஆகல. வெரலால கூட்டி உருட்டு. உருட்ட வந்து, எடுத்தா தக்காளிப்பழம் கணக்கா மெத்துனு நிக்கணும். அதான் அதெரசத்துக்கு. இன்னுங் கொஞ்சம் விட்டா உருண்ட கெட்டியாயிரும், கிண்ணத்துல போட்டா டொக்குனு சத்தம் கேக்கும். அது கடல மிட்டாய்க்கு.”

இதில் எதாவது மங்கலாக இருக்கிறதா? சோதனை இருக்கிறது. எதிர்பார்க்கும் விடை இருக்கிறது. குறைந்தால் என்ன தெரியும், கூடினால் என்ன கேட்கும் என்று இரண்டு பக்க எல்லையும் இருக்கிறது. நான் பார்த்த பல டெக்னிக்கல் ஆவணங்கள் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இதன் பின்னால் இருக்கும் இயற்பியலும் எளிதுதான். பாகு கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரையின் பங்கு ஏறுகிறது, அதோடு கொதிநிலையும் ஏறுகிறது. மேற்கத்திய மிட்டாய்ச் செய்முறைகள் மெத்தென்ற உருண்டைப் பதத்துக்கு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் என்றும், உடையும் கெட்டிப் பதத்துக்கு 146 முதல் 154 டிகிரி என்றும் எழுதும். ஆனால் அந்த இடத்தைத் தொட எத்தனை நிமிடம் ஆகும் என்பது வெல்லத்தில் எவ்வளவு ஈரம், எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம், பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், தீ எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பெரியம்மா கனமான உருளியில் சின்னத் தீயில் காய்ச்சுவார். அக்கா வைத்தது அகலமான வாணலி, இண்டக்‌ஷன் அடுப்பு. இரண்டு அடுப்புக்கும் எட்டு நிமிடம் என்பது ஒரே எட்டு நிமிடம் இல்லை. தண்ணீரில் விட்ட சொட்டு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிட்டாயின் பாகையும் அதிரசத்தின் பாகையும் என் தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருட்கள்: வெல்லம், தண்ணீர். இங்கேயும் வெல்லம், தண்ணீர். டேட்டாபேஸுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றை மெத்தென்ற பலகாரமாகவும் மற்றதைக் கடித்தால் நொறுங்கும் மிட்டாயாகவும் ஆக்கும் அந்த ஒரே விஷயத்துக்குத்தான் படிவத்தில் இடம் கிடையாது.

பாகு மட்டும் இல்லை. ரசம் நுரை கூடி வரும்போது இறக்கணும், தளதளவென்று கொதிக்க விட்டால் போச்சு. வடை எண்ணெயில் போட்டதும் போடும் சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது; உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும் சத்தம் அது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகணும். மசாலா பச்சை வாசனை போகணும். குழம்பில் எண்ணெய் பிரிஞ்சு மிதக்கணும். கண், மூக்கு, காது, விரல் என்று நாலு சென்சார் ஓடுகிறது. குக்கரையே பாருங்கள். “மூணு விசில்” என்கிறோமே, அது நேரமா? இல்லை. நடந்த சம்பவத்தை எண்ணுவது. மூன்று விசிலுக்கு ஐஎஸ்ஓ தரத்தில் குறியீடு கிடையாது. அதனால் நானும் அதை ‘15 நிமிடம்’ ஆக்கினேன்.

3

“அதான் செய்முறைன்னு பெரிய டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்கே, அதுல எழுத வேண்டியதுதானே? யார் வேணாம்னாங்க?”

கூட வேலை பார்க்கும் நண்பன் கேட்டது இது. நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

எழுதலாம். ஆனால் படிவம் என்பது வெறும் பாத்திரம் இல்லை, அது ஒரு கேள்வித்தாள். கேட்ட கேள்விக்கு மனிதர்கள் பதில் எழுதுவார்கள். கேட்காத கேள்விக்கு எழுத மாட்டார்கள். “எவ்வளவு நேரம்?” என்று நட்சத்திரம் போட்டுக் கேட்டால், பதில் இல்லாத இடத்திலும் ஒரு பதிலை உண்டாக்கித் தருவார்கள். நான் உண்டாக்கினேன். “எப்படித் தெரியும்?” என்று எங்கேயும் கேட்காவிட்டால், தெரிந்தவர்கள்கூட அதைச் சுருக்கிவிட்டுப் போவார்கள். நானும் சுருக்கினேன். தக்காளிப்பழமும் டொக்கென்ற சத்தமும் என் செய்முறையில் “பாகு பதம் வந்ததும் இறக்கவும்” என்று ஆயின. பதம் வந்ததும்! அது எதுவென்று தெரியாதவனுக்குத்தானே இந்தத் தளமே?

கட்டத்துக்குள் போனதைத்தான் மெஷின் மதிக்கும். அட்டையில் காட்டுவது, வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் கட்டத்தை வைத்துத்தான். பெட்டிக்குள் கிடக்கும் வாக்கியம் அதற்கு வெறும் சரக்கு. என் தளத்தில் ‘30 நிமிடத்துக்குள்’ என்று ஒரு வடிகட்டி வைத்தேன். அதை அழுத்தினால் இட்லி வராது. ஊறவும் புளிக்கவும் சேர்த்து மொத்த நேரம் 14 மணி என்று போட்டிருந்தேன். உளுந்து ஊறும்போதும் மாவு பொங்கும்போதும் வீட்டில் யாரும் அடுப்படியில் நிற்பதில்லை, தூங்குகிறார்கள். அந்த 14 மணியும் பொய்தான். மே மாதச் சென்னையில் மாவு சீக்கிரம் பொங்கும். மார்கழியில் விடிந்த பிறகும் அசையாது. அதற்கும் ஒரு அடையாளம் இருக்கிறது: மாவு பொங்கி ஏறியிருக்கணும், கரண்டி விட்டால் உள்ளே நுரை தெரியணும்.

இன்னொன்றும் நடக்கிறது. இன்று எந்தச் சமையல் தளத்தைத் திறந்தாலும் மேலே எழுதியவரின் வாழ்க்கைக் கதை நீளமாகப் போகும். விளம்பரத்துக்கு இடம் வேண்டும், தேடுபொறிக்குச் சொற்கள் வேண்டும். வாசகருக்கு எரிச்சல் வரக்கூடாதே என்று உச்சியில் ‘செய்முறைக்குத் தாவு’ என்று ஒரு பட்டன். ஆக மேலே கதை, கீழே தரவு. பாகை எப்படிச் சோதிப்பது என்பது கதையும் இல்லை, அவர்கள் வரையறைப்படி தரவும் இல்லை. ஒன்று மேலே கதையில் சிக்கித் தாண்டப்படும், இல்லை கீழே கட்டமில்லாமல் வெட்டுப்படும்.

4

அளவு விஷயத்திலும் இதே கூத்துதான். பொருள் ஒவ்வொன்றையும் எண், அலகு, பெயர் என்று மூன்றாக உடைத்தேன். அப்படி உடைத்தால்தான் “எத்தனை பேருக்கு” என்ற பட்டன் வேலை செய்யும். நாலு பேருக்கு உள்ளதை ஆறு பேருக்கு மாற்றினால் தானாகப் பெருக்கிக் காட்டும். பெருமையாக இருந்தது.

பெரியம்மா புளியை எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு என்றுதான் சொல்வார். நான் ‘1 | எலுமிச்சை | புளி’ என்று ஏற்றினேன். ஆறு பேர் என்று அழுத்தினால் ‘1.5 எலுமிச்சை’ என்று வந்தது. கடைக்குப் போகும் பட்டியலில் எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னது. இது சிரிப்புக்கு. சிரிப்பில்லாத விஷயம் அந்தப் பெருக்கலேதான். பத்து பேருக்குக் குழம்பு வைத்தால் நாலு பேருக்கு வைப்பதைப்போல இரண்டரை மடங்கு தண்ணீர் தேவைப்படாது. பாத்திரத்தின் வாய் அதே வேகத்தில் அகலமாவதில்லை, அதனால் வற்றும் விகிதம் குறைவு. உப்பும் காரமும்கூட நேர்கோட்டில் ஏறாது என்று எந்தக் கல்யாணச் சமையல் மாஸ்டரும் சொல்வார். அவர் கொஞ்சம் குறைத்துப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து ஏற்றுவார். என் பட்டன் கூசாமல் பெருக்கியது.

வகைப்பாட்டில் நான் வைத்தவை: காலை உணவு, முதன்மை உணவு, பக்க உணவு, இனிப்பு. 61-ஐயும் அதில் திணித்தேன். துவையலைப் பக்க உணவு என்றேன். சோற்றில் துவையலைப் பிசைந்து சாப்பிட்டு ஒரு வேளையை முடித்த வீடு எங்களுடையது, அங்கே அது பக்கத்தில் இருந்ததில்லை. பெரியம்மா பதிவில் தன்னையறியாமல் வேறொரு வகைப்பாடு வைத்திருக்கிறார். பிள்ளை பெத்தவளுக்கு. காய்ச்சக்காரனுக்கு. ஊருக்குப் போறவங்களுக்குக் கட்டிக் கொடுக்க. அடமழைக்கு. திடீர்னு ஆள் வந்துட்டா. மாசக் கடைசிக்கு. அந்தக் கடைசி வகையில் எட்டு பதார்த்தம் இருந்தது. வீட்டில் காய்கறி வாங்கக் காசில்லாத ஐந்தாறு நாளை ஒரு குடும்பம் எப்படிக் கடந்தது என்ற கணக்கு அது. என் தளத்தில் அந்த எட்டும் நாலு பெட்டிக்குள் சிதறிப்போய், எல்லாமே ‘சுலபம்’ என்ற முத்திரையோடு நின்றன.

ஆசிரியர் கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் லாகின் பண்ணி ஏற்றுகிறாரோ அவர் பெயரை சிஎம்எஸ் தானே போட்டுக்கொள்ளும். 61 பக்கத்திலும் என் பெயர். அதில் ஒன்றைக்கூட எனக்குச் செய்யத் தெரியாது.

5

இனி அந்த இன்னொரு தரப்பு. இலக்கிய நண்பர்கள்.

இதையெல்லாம் சொன்னதும் சிலர் சந்தோஷப்பட்டார்கள். “பார்த்தியா, கைப்பக்குவத்தை எழுத முடியாது. அது ரத்தத்தில் வருவது. கம்ப்யூட்டரில் எப்படி ஏறும்?” என்றார்கள். இவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம், மெஷின்காரர்கள் மேல் இருப்பதைவிட அதிகம்.

கைப்பக்குவம் என்ற சொல்லை இவர்கள் பாராட்டு மாதிரி சொல்கிறார்கள். கவனித்தால் அது தட்டிக்கழிப்பது. எழுத முடியாதது என்று சொல்லிவிட்டால் எழுதி வைக்கிற வேலை மிச்சம். கேட்டு வாங்குகிற வேலையும் மிச்சம். பெரியம்மா ரத்தத்தில் எதையும் கொண்டுவரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மூன்று தீபாவளிக்கு அவர் பாகு முத்திப்போய் மாமியாரிடம் பேச்சு வாங்கியதாக அதே பதிவில் சொல்கிறார். தோற்று, பார்த்து, கேட்டு, கற்றுக்கொண்டார். கற்றதைச் சொல்லவும் அவரிடம் சொற்கள் இருக்கின்றன. கம்பிப் பதம், உருட்டுப் பதம், முத்திப்போறது, இளகுறது, நுரை கட்டுறது, சுண்டுறது, பிரியுறது. ஒரு துறைக்கு இவ்வளவு கலைச்சொல் இருந்தால் வேறெங்கும் அதை அறிவு என்போம். அடுப்படியில் இருந்தால் மட்டும் மாயம் என்கிறோம். ஆணின் திறமைக்குத் தொழில்நுட்பம் என்று பெயர், பெண்ணின் திறமைக்குக் கைமணம் என்று பெயர்.

எழுத முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வந்தது. பக்கத்தில் சொல்லித்தரப் பெரியவர்கள் இல்லாத எத்தனையோ வீடுகளில் அதை விரித்து வைத்துத்தான் சமைத்தார்கள். அளவுகளை எழுதி வைப்பதும் பாவம் இல்லை. 1896-இல் ஃபேனி ஃபார்மர் தன் பாஸ்டன் சமையற்பள்ளிப் புத்தகத்தில் கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும், கேட்க ஆள் இல்லாதவர்களுக்குப் பெரிய உதவிதான்.

இதைக் கிழக்கு மேற்கு சண்டையாக்கவும் நான் தயாரில்லை. ஆங்கிலத்தில் ‘சாஃப்ட் பால்’ என்று ஒரு பாகுப் பதத்துக்குப் பெயர் இருக்கிறதே, அதுவும் பெரியம்மாவின் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து வந்த பெயர்தான். அங்கேயும் பாட்டிகள் சொட்டு விட்டுத்தான் பார்த்தார்கள். தெர்மாமீட்டர் வந்ததும் அதுவும் ஒரு அடையாளமானது, நல்ல அடையாளம். படிவம் அவர்கள் பாட்டியிடமும் “எவ்வளவு நேரம்?” என்றுதான் கேட்டது.

ஆக இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் கைகுலுக்குகின்றன. ஒருவர் கட்டத்தில் அடங்காதது முக்கியமில்லை என்கிறார். மற்றவர் முக்கியமானது கட்டத்தில் அடங்காது என்கிறார். இரண்டு பேருமே கட்டத்தை மாற்ற வேண்டாம் என்கிறார்கள்.

மாற்றுவது கஷ்டமும் இல்லை. இதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிஎம்எஸ் என்பதே கட்டங்களை நாமே முடிவு பண்ணிக்கொள்ள வந்த கருவி. இருபது வருஷத்துக்கு மேலாக உலகமெங்கும் ஆட்கள் உழைத்து அதை வளைந்துகொடுக்கிற மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். நான் அதை நிறுவிவிட்டு, யாரோ போட்ட கட்டங்களை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

6

தீபாவளி முடிந்து ஒரு சனி ஞாயிறில் மாற்றினேன். முதலில் நேரத்தின் நட்சத்திரத்தை எடுத்தேன். நான் புனைந்த 183 எண்களையும் அழித்தேன். செய்முறையை ஒரே பெட்டியாக வைக்காமல் படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் மூன்று கட்டம் வைத்தேன்: ‘என்ன செய்ய’, ‘எப்படித் தெரியும்’, ‘தவறினால்’. நட்சத்திரம் இப்போது நடுவில் இருப்பதற்கு. புளிக்கு ‘எலுமிச்சை அளவு’ என்பதை அலகாக ஏற்றாமல் அப்படியே சொல்லாக விட்டேன். பெருக்கும் பட்டனைக் கழற்றினேன். வகைப்பாட்டில் ‘மாசக் கடைசி’ வந்துவிட்டது.

தேடுபொறியின் அறிக்கையில் 61 பக்கத்துக்கும் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. சமைக்கும் நேரம் இல்லை, கலோரி இல்லை. இருக்கட்டும். பக்கம் பத்து இடம் பின்னால் போனால் போகட்டும். முன்னால் நின்று தப்பாகச் சொல்வதைவிட அது மேல்.

அப்புறம் திரும்பக் கோவில்பட்டி போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அந்த எட்டு நிமிடம் நான் எழுதியது, நீங்க சொன்னது இல்லை என்று பதிவையே போட்டுக் காட்டினேன். பெரியம்மா தன் குரலைக் கேட்டுவிட்டு, “சரியாத்தானய்யா சொல்லிருக்கேன்” என்றார். அப்புறம் இன்னொரு தடவை கேட்டார்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டபோது ஒரு வரியில் முடித்தவர், “தப்பாப் போச்சுன்னா என்ன பண்றது?” என்று கேட்டதும் நிறுத்தாமல் பேசினார். எண்ணெயில் போட்டதும் பிரிஞ்சு போனா பாகு பத்தல, கொஞ்சம் பச்சரிசி மாவு சேத்துக்க. முத்திருச்சுன்னா வெந்நி தொளிச்சுப் பிசஞ்சு மூடி வை, இளகும். எதுக்கும் முதல்ல ஒண்ணே ஒண்ணு தட்டிப் போட்டுப் பாத்துட்டு மத்தத போடு. ‘தவறினால்’ கட்டம்தான் இப்போது என் தளத்தில் நீளமானது. எந்தச் சமையல் தளத்திலும் நான் பார்க்காத கட்டமும் அதுதான். எல்லாத் தளத்திலும் எல்லாமே முதல் தடவையே சரியாக வந்துவிடுகிறது.

ஆசிரியர் பெயராக அவர் பெயரைப் போடவா என்று கேட்டேன். “எனக்கு எங்க மாமியாதான சொல்லிக் குடுத்தா. அவ பேரு வேணாமா?” என்றார். அந்தக் கட்டம் ஒரு பெயரைத்தான் ஏற்கும் என்று இருந்தது. அதையும் மாற்றினேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என் தொழில். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ அத்தையோ இருப்பார்கள். இந்த மாதிரி ஒரு தளம் கட்டும் ஆசையும் என்றைக்காவது வரும். கட்டுங்கள். கட்டுவதற்கு முன்னால், கிடைக்கிற கட்டங்களை மூடி வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு இடம் இருக்கிற மாதிரி படிவத்தைக் கட்டுங்கள். தெரியாத எண் இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அக்கா கார்த்திகைக்கு மறுபடியும் அதிரசம் சுட்டாள். முதல் சொட்டு தண்ணீரில் கரைந்ததாம். இரண்டாவதும் கரைந்ததாம். மூன்றாவதோ நான்காவதோ உருட்ட வந்திருக்கிறது. இந்தத் தடவை எனக்கே ஃபோன் பண்ணி, நல்லா வந்துச்சு என்றாள். புத்தி போகாமல் நான் கேட்டேன்: “எத்தனை நிமிஷம் ஆச்சு?”

“பாக்கலையேடா” என்றாள்.